விளையில் ஒரு தெருவீடு

1955, மாசி 4

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டில் குலசேகரனுக்கும் அவன் பெண்டாட்டி உலகம்மாளுக்கும் நல்ல சண்டை. எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நான் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, காதை ஒட்டவைத்துக் கேட்டேன். உண்ட மயக்கம். சண்டை சூடுபிடிக்கிற இடத்தில் உறங்கிவிட்டேன்.

சாயங்காலம் வெற்றிலைக் கடைக்குப் போனால் எதிரே குலசேகரன். வயதில் என்னைவிட இளையவன், வாயில் மூத்தவன். என் முகத்தையே பார்த்தான்.

“என்ன அண்ணாச்சி, ஒரு காது மட்டும் நரைச்சுப் போச்சு?”

பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அவ்வளவும் காதில்! அவனே தன் துண்டால் துடைத்துவிட்டான். “முழுசும் கேட்டேளா, இல்ல பாதியில உறங்கிட்டேளா?”

“பாதியிலதான் வே” என்றேன். வேறு என்ன சொல்ல?

“அப்பம் மிச்சத்தை நானே சொல்லுகேன். ஒங்க வீட்டு அக்காளுக்கு இழுப்பு வாறது எங்க அடுப்புப் புகையினாலயாம். அடுப்பை இடம் மாத்தணும்கா உலகம்மா. எங்க மாத்த? என் தலையிலயா?”

இரண்டு பேரும் சிரித்தோம். கடைக்காரனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டி அழகியநாயகியிடம் சொன்னேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி — அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

மாசி 9

நான் தோவாளைப் பூச்சந்தைக்குக் கிளம்பும்போது கோழிகூட எழுந்திருக்காது. பிச்சியும் அரளியும் வாங்கிப் பொதி கட்டித் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றினால்தான் எங்களுக்குச் சோறு. நாயகிக்கு இழுப்பு வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். நான் வெளியே போனதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிற திருடன் மாதிரி.

வந்தால் அவளால் கூப்பிட முடியாது. தலைமாட்டில் இருக்கிற செம்பை எடுத்துச் சுவரில் தட்டுவாள். அந்தப் பக்கம் உலகம்மாள் எந்த உறக்கத்தில் கிடந்தாலும் வெந்நீரோடு வந்துவிடுவாள். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தச் சுவர்தான் எங்களுக்கு எல்லாம்.

இன்று நான் திரும்பும்போது நாயகி உலகம்மாளின் தோளில் சாய்ந்து கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை. உலகம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாருங்க அத்தான். ஊருல உள்ள பொண்ணுகளுக்கெல்லாம் பூ குடுத்தாச்சா? இங்க ஒருத்தி மூச்சுக்கு அடிச்சிக்கிட்டுக் கெடக்கா.”

“ஒனக்கும் ஒரு மொழம் எடுத்து வச்சிருக்கேன் உலகம்” என்றேன். வாயில் வந்துவிட்டது. பயந்தால் எனக்கு இப்படித்தான், வாய் தானாக வேடிக்கை பேசும். அவள் செம்பை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

போன பிறகு அண்ணாந்து பார்த்தேன். உலகம்மாள் வீட்டுப் புகை எங்கள் ஓட்டுக்குள் இறங்குகிறது. எங்கள் புகை அடுத்த வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டுப் புகை அதற்கும் அடுத்த வீட்டுக்கு. தெருவே நீளமான ஒரு அடுப்பு. இதில் யாரைக் குறை சொல்ல?

மாசி 15

நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டினேன். ஏதோ எழுதிக் கொடுத்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், அதுவும் தமிழில். அது என்ன மருந்தோ. நாயகியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். வீட்டைச் சுற்றிக் காற்று ஓட வேண்டுமாம். புகை ஆகாது, பூவாசமும் ஆகாது. இதே தெருவில் இதே வீட்டில் இருந்தால் அடுத்த மழைக்காலம் — அதோடு நிறுத்திவிட்டார்.

“காத்தை எந்தக் கடையில வாங்க, டாக்டரய்யா?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தேன்.

மாசி 16

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் நாயகியிடம் சொன்னேன்.

மாசி 22

ஆரல்வாய்மொழி போகிற பஸ் ரோட்டை ஒட்டி அப்பா விட்டுப்போன விளை கிடக்கிறது. பத்திருபது தென்னை, ஒரு கிணறு. கணவாயிலிருந்து வருகிற காற்று அங்கே ஆளைத் தூக்கும். கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு வீடு, அதுவும் தொண்டை உள்ளவன் கூப்பிட்டால். அங்கே வீடு கட்டிப் போய்விடலாமா என்று கேட்டேன்.

நாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அங்க சுவருல தட்டுனா யாரு வருவா?”

அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பங்குனி 3

சேதி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியோ என்ன எப்படியோ, சுவர் ஒன்றுதானே! காலையிலிருந்து கண்டவரெல்லாம் ஒரே கேள்வி: “யாரோட பிணக்கு?”

இந்தத் தெருவில் பிணக்கு இல்லாமல் ஒருவனும் வீடு மாறினதில்லை. காற்றுக்காகப் போகிறோம் என்றால் நம்ப ஆளில்லை. “காத்துக்காகவா? சரி சரி” என்று உலகம்மாள் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உலகம்மாள் கிணற்றடியில் எல்லாரும் கேட்கவே கேட்டாளாம்: “எங்க வீட்டுப் புகை மட்டுந்தான் புகையா அக்கா? மத்தவ வீட்டுல சாம்பிராணியா போடுகா?”

நாயகி அழுதாள். அழுதால் இழுப்பு வரும் என்று பயந்து அழுகையை நிறுத்தினாள். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்குனி 4

விடியற்காலம் இழுப்பு. செம்பால் தட்டினாளாம். உலகம்மாள் வந்தாளாம். வெந்நீர் கொடுத்து நெஞ்சைத் தடவிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாளாம்.

பங்குனி 20

அய்யம்பெருமாள் கொத்தனாரைப் பார்த்துப் பேசிவிட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருத் தெருவாக வீடு கட்டினவர் அவர்தான். விளையைச் சுற்றிப் பார்த்தார்.

“வீடு எப்பிடி வேணும் அண்ணாச்சி?”

“நம்ம வீடு மாதிரியே கெட்டிரும். நாயகிக்குப் புழங்க எளுப்பமா இருக்கும்.”

“அவ்வளவுதானே” என்றார். எனக்கும் மனசு லேசாயிற்று. காற்றும் ஆச்சு, பழகின வீடும் ஆச்சு.

சித்திரை 12

சந்தை முடிந்ததும் விளைக்கு ஓடிவிடுகிறேன். சுவர் தோளுக்கு வந்துவிட்டது. அய்யம்பெருமாள் கை சும்மா சொல்லக்கூடாது, ஒரு கோணல் கிடையாது. நான் நிழலில் நின்று பார்த்து ரசிக்கிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “அண்ணாச்சி, சுவரு வெக்கப்படுகு. கொஞ்சம் தள்ளிப் போங்க” என்கிறார்.

மனசு முழுக்க மழைக் கணக்குத்தான். ஆனி வருவதற்குள் ஓடு போட்டுவிடணும்.

வைகாசி 2

ஓடு போட்டாச்சு.

வைகாசி 18

இன்று பால் காய்ச்சினோம். இப்படியும் ஒரு காரியம் நடக்குமா? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெருவே பஸ்ஸில் வந்து இறங்கியது. உலகம்மாளும் வந்தாள், எல்லாருக்கும் பின்னால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒரே பேச்சுத்தான். “அப்படியே நம்ம தெருவுல நிக்க மாதிரி இருக்கு!” எனக்குப் பெருமை தாங்கவில்லை. அய்யம்பெருமாள் மீசையைத் தடவிக்கொண்டார்.

பக்கத்து விளையிலிருந்து லீமா வந்தாள். அவளும் புருஷன் ஜேசுதாஸும் மேற்கே குலசேகரம் என்ற ஊர்ப் பக்கத்து ஆட்கள். அங்கெல்லாம் தெரு என்பதே கிடையாது, ஆளுக்கொரு விளை, விளைக்குள் ஒரு வீடு. லீமா எங்கள் வீட்டை வெளியே ஒருமுறை சுற்றி வந்தாள். இன்னொருமுறை சுற்றினாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி.

“எக்கா, கேட்டா தப்பா ஒண்ணும் தோணப்பிடாது. இந்த வீட்டுக்கு ஜன்னலு எங்க?”

 எல்லாரும் திரும்பிப் பக்கச் சுவரைப் பார்த்தோம். கிழக்கே முழுச் சுவர். மேற்கே முழுச் சுவர். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். இரண்டு பக்கமும் அடுத்தவன் குடியிருக்கிற மாதிரியே கட்டி வைத்திருக்கிறோம். அடுத்து நிற்பதோ தென்னையும் கணவாய்க் காற்றும்! காற்றுக்காகத் தெருவை விட்டுவந்து, காற்று நுழைய ஒரு ஓட்டை இல்லாமல் ஒரு வீடு.

நான் தினமும் வந்து நின்று பார்த்தேனே! என் கண்ணுக்கு ஏன் படவில்லை? யார் கண்ணுக்குத்தான் பட்டது? பிறந்த நாளிலிருந்து பக்கச் சுவரில் ஜன்னலைக் கண்டவர்கள் இல்லையே நாங்கள். பக்கச் சுவர் என்றால் அந்தப் புறம் அடுத்தவன் வீடு. அதில் எவனாவது ஓட்டை போடுவானா?

முதலில் சிரித்தது நாயகி. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து உலகம்மாள் சிரித்தாள், முகம் தூக்கினதெல்லாம் மறந்து. கூட்டமே சிரித்தது. அய்யம்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நிமிஷம் நாயகிக்கு இழுப்பு. உலகம்மாள் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆனாலும் இவள் கை தரையில் செம்பைத் தேடியது.

சாயங்காலப் பஸ்ஸில் எல்லாரும் போய்விட்டார்கள்.

வைகாசி 19

அய்யம்பெருமாளோடு வாக்குவாதம்.

“நம்ம வீடு மாதிரின்னு சொன்னது ஆரு, நீங்கதானே?”

“சொன்னேன் வே. அதுக்காக?”

“பக்கத்துல வீடு வராதுன்னு ஒரு வார்த்தை சொன்னேளா?”

சொல்லவில்லைதான். ஓடு ஏற்றிய சுவரை இப்போது வெட்டினால் மழையில் விரிந்துவிடும், ஆவணி வரட்டும் என்கிறார். ஆவணி! டாக்டர் சொன்ன மழைக்காலத்தை இவர் தள்ளி வைப்பாரா?

ஆனி 3

மழை பிடித்துவிட்டது. சந்தைக்குப் போகாமல் முடியாது. போகிற வழியெல்லாம் காதுக்குள் செம்புச் சத்தம்.

ஆனி 5

போனேன். வந்தேன். இருக்கிறாள்.

ஆனி 9

லீமா ஒரு யோசனை சொன்னாள். “எங்க ஊருல ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கூவித்தான் பேச்சு. நீங்க ஒரு கூவு கூவினா மதி, அது போதும், நான் ஓடி வருவேன்.” எப்படிக் கூவுவது என்று கூவியும் காட்டினாள். தென்னையில் இருந்த காக்காயெல்லாம் பறந்தது.

அவள் போன பிறகு நாயகி என்னைப் பார்த்தாள். “கூவ மூச்சிருந்தா... நான் எதுக்கு... அவளைக் கூப்பிடப் போறேன்?”

ஆனி 14

விடியற்காலையில் பழக்கதோஷத்தில் செம்பால் சுவரைத் தட்டிவிட்டாளாம். தட்டின பிறகுதான் அந்தப் பக்கம் தென்னைமரம் நிற்பது நினைவு வந்ததாம். “ஒரு பல்லி விழுந்துது. வேற... ஆரும் வரல்ல” என்று சிரித்தபடி சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனி 15

இருக்கிறாள்.

ஆனி 24

நனைந்த வேட்டியை இன்னும் மாற்றவில்லை. எழுதிவிட்டு மாற்றலாம் என்று எழுதுகிறேன்.

சந்தை முடிந்து வந்தேன். கொட்டுகிற மழை. முன்வாசல் திறந்து கிடக்கு, பின்வாசலும் திறந்து கிடக்கு. பாய் இருக்கு, செம்பு உருண்டு கிடக்கு, ஆளைக் காணல்ல. நாயகீன்னு கூப்பிட்டேன். ஏட்டீன்னு கத்தினேன். கிணத்தை எட்டிப் பார்த்தேன். எதுக்குக் கிணத்தைப் பார்த்தேன்? அவ அப்படிப்பட்டவளா? தண்ணியில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. அதைப் பாத்துட்டே ஐயோன்னு அலறிட்டேன்.

மேற்குச் சுவருக்கு வெளியே, கட்டி மிஞ்சின கல்லுமேலே உட்கார்ந்திருக்கா. தலையில ஒரு பனையோலைப் பாய். உடம்பெல்லாம் நனைஞ்சு, வாயைத் திறந்து, தண்ணி குடிக்கிற மாதிரி காத்தைக் குடிச்சுக்கிட்டு.

“உள்ள... மூச்சு முட்டிச்சு. பைய... இழைஞ்சு இழைஞ்சு... வந்துட்டேன். இங்கன... காத்து இருக்கு.”

அந்தப் பக்கத்துக் காத்துக்கும் உள்ள அவ படுக்கிற பாய்க்கும் நடுவுல ஒரு சுவரு. நான் காசு கொடுத்து, நின்னு ரசிச்சுக் கட்டின சுவரு.

ஆனி 25

சந்தைக்குப் போகவில்லை. கடப்பாரையை எடுத்து மேற்குச் சுவரை நானே இடித்தேன். விழுந்தால் விழட்டும். சத்தம் கேட்டு ஜேசுதாஸ் ஓடிவந்தான். “அண்ணே, முட்டுக் குடுக்காம இடிச்சா கூரை நம்ம தலையில” என்று தென்னந்தடி இரண்டைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தான். நல்ல மனுஷன். நான் வேடிக்கை பேசினால் புரியாமல் தலையாட்டுவான், அது ஒன்றுதான் குறை.

மத்தியானம் ஓட்டை விழுந்தது. பானை உடைந்த மாதிரி ஒரு ஓட்டை. அது வழியாகக் காற்று உள்ளே வந்தது பாருங்கள், அடுப்பங்கரையில் முறம் பறந்தது. நாயகி அதற்கு நேரே போய் உட்கார்ந்தாள்.  கண்ணை மூடிக்கொண்டாள்.

அய்யம்பெருமாள் எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். ஓட்டையைப் பார்த்தார். “இதை இடிச்சது ஆரு, ஆனையா?” என்று கேட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சதுரமாக்க உட்கார்ந்துவிட்டார். கூலி பேசவில்லை.

ஆடி 11

மேற்கு ஜன்னல் வந்த பிறகு இழுப்பு நாள் விட்டு நாள்தான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, கடந்து போக வழியில்லை. கிழக்கிலும் ஒன்று திறந்தால்தான் ஓடுமாம். ஆவணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அய்யம்பெருமாள்.

இன்னொன்று கவனித்தேன். நாயகி பேசுவது குறைந்துவிட்டது. மூச்சு முட்டுவதால் அல்ல. பேச ஆளில்லை. நான் காலையில் இல்லை, வந்தால் உறங்குகிறேன். நேற்று அவள் தென்னையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

ஆவணி 6

ஓணத்துக்குப் பூ ஏற்றுகிற நேரம். வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அவள் தனியாக இருக்கிற நேரம் கூடிவிட்டது. பொதி கட்டுகிறபோது முடிச்சு விழ மாட்டேன் என்கிறது.

ஆவணி 19

குலசேகரன் பஸ்ஸேறி வந்தான். வந்ததும் வராததுமாகக் கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தான், மாடு வாங்க வந்தவன் மாட்டைத் தட்டுகிற மாதிரி.

“அண்ணாச்சி, நீங்க போன பொறவு அந்தத் தெருவுல எங்களுக்கு இருப்புக் கொள்ளல்ல. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சத்தம் இல்ல. எங்க சண்டையக் கேக்க ஆளில்லாம சண்டை போடவே ருசி இல்ல.”

“காசு குடுத்தா வந்து கேக்கேன் வே.”

“வெளையாடாதீங்க. இந்தச் சுவரு சும்மாதானே நிக்கு? இதுலயே எங்க கூரையை ஏத்திருகோம். நான் மூணு சுவரு கெட்டினாப் போதும். அக்கா செம்பைத் தட்டினா உலகம்மா பழையபடி வந்துருவா.”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “நாளைக்கே வாரும் வே! விளையில பாதி உமக்குத்தான்” என்றேன். நாயகி அவனுக்குச் சோறு போட்டாள்.

அவன் போன பிறகு கேட்டாள். “எங்கிட்ட... ஒரு வார்த்தை கேட்டேளா?”

“எதுக்குட்டி கேக்கணும்? ஒனக்காகத்தானே...”

“அந்தச் சுவருலதானே... ரெண்டாவது ஜன்னலு?”

அவ்வளவுதான். எழுந்து போய் அந்தச் சுவரை நானும் தட்டிப் பார்த்தேன்.

ஆவணி 20

ஆள் வேண்டும். காற்றும் வேண்டும். ஒரு சுவரில் ஒன்றைத்தான் வைக்கலாம். ஆளை வைத்தால் மூச்சு நிற்கும். காற்றை வைத்தால், மூச்சு நிற்கிறபோது பக்கத்தில் ஆள் இருக்காது. இதில் எதைச் சொல்ல? இன்று சந்தையில் அரளியை நிறுத்துவிட்டுப் பிச்சி என்று கூவினேன். எல்லாரும் வேடிக்கை என்று சிரித்தார்கள்.

ஆவணி 27

குலசேகரனோடு உலகம்மாள் வந்தாள். பால் காய்ச்சின அன்றைக்குப் பிறகு இப்போதுதான். நாயகி அவளை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னாள். நீங்கள் வர வேண்டும், வந்தே ஆக வேண்டும். ஆனால் சுவரைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிக் கட்ட வேண்டும்.

உலகம்மாளுக்கு வந்ததே கோபம்!

“தள்ளியா? பிணக்கு இல்லாத வீட்டுக்கு நடுவுல இடைவெளி எதுக்குக்கா? பாக்கவ என்ன சொல்லுவா? ஒத்தைச் சுவருல இருந்தவளுக இப்பம் ஒருத்தி மூஞ்சில ஒருத்தி முழிக்க மாட்டாளுகன்னு சொல்ல மாட்டாளா? அந்தச் சந்துல பாம்பு வந்து கெடக்கும். குப்பையை ஆரு வாரதுன்னு ஒரு சண்டை...”

“உலகம். எந்திரிச்சு வா.”

நாயகி வெளியே போய்க் கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கையை நீட்டினாள். “நீ எதுத்தாப்புல நில்லு. கையை நீட்டு.”

உலகம்மாள் முறைத்துக்கொண்டே நீட்டினாள். எட்டவில்லை. ஓரடி முன்னே வந்தாள். விரலும் விரலும் பட்டன. இன்னும் கொஞ்சம் வந்தாள். இரண்டு கையும் கோத்துக்கொண்டன.

“இம்புட்டுத்தான். ஒனக்குப் பின்னால ஒன் சுவரு... எனக்குப் பின்னால என் சுவரு. ஜன்னலுக்கு நேரா ஜன்னலு. எனக்கு முடியல்லேன்னா... செம்பு வேண்டாம். கையை நீட்டுவேன். நீ பிடிச்சுக்கோ.”

உலகம்மாள் மூக்கை முந்தானையில் துடைத்தாள். “ஒனக்குக் கை நீளம். எனக்குக் குட்டை. ஒரு சாண் உள்ள தள்ளு” என்றாள்.

ஒரு சாண் உள்ளே தள்ளி நான் முளை அடித்தேன். பார்த்துக்கொண்டிருந்த குலசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டான். “மூணு சுவருல முடிய வேண்டியது. ரெண்டு கையை நீட்டி நாலு சுவராக்கிட்டாளுவளே அண்ணாச்சி.”

புரட்டாசி 2

கிழக்கு ஜன்னலும் திறந்தாச்சு. மேற்கே நுழைகிற காற்று கிழக்கே போகிறது. நடுவில் விளக்கு நிற்காது, இலை நிற்காது, என் மேல்துண்டு நிற்காது. நாயகி நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

புரட்டாசி 28

மழை விடாமல் குலசேகரன் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்ட மாட்டேன் என்று அய்யம்பெருமாள் சொல்லிவிட்டார். அதுவரைக்கும்? குலசேகரனும் உலகம்மாளும் சட்டிபானையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்த அன்றே உலகம்மாள் என் வீட்டு அடுப்பைத் தூக்கி வெளியே, காற்று போகிற பக்கம் ஒரு ஓலைச் சாய்ப்புக்குக் கீழே வைத்தாள். குலசேகரன் என்னைப் பார்த்தான். நான் அவன் தலையைப் பார்த்தேன். 

ஐப்பசி 10

நல்ல மழை. விடியற்காலம் இழுப்பு வந்தது. உலகம்மாள் மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்தாளாம். நான் வரும்போது நின்றுவிட்டிருந்தது.

ஐப்பசி 23

நாலு நாளாக மழை விடவில்லை. டாக்டர் பாதியில் நிறுத்தின பேச்சை நான் இரவும் பகலும் முடித்து முடித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் முடிகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை 8

குலசேகரனும் உலகம்மாளும் இப்போது என் வீட்டுக்குள்ளேயே சண்டை போடுகிறார்கள். சுவர் இல்லாமல் கேட்பதில் ஒரு சுகமும் இல்லை.

மார்கழி 5

வெயில் வந்துவிட்டது. மழை போயிற்று. நாயகி பாயை வெளியே உதறிக் காயப்போட்டாள். நான் அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன், வேறொன்றும் இல்லை.

1956, தை 22

குலசேகரன் வீட்டுக்கு இன்று வானம் தோண்டினார்கள். கிழக்கு ஜன்னலுக்கு ஆசாரி இன்னும் கம்பி வைக்கவில்லை. நாயகி பாயில் இருந்தபடியே வெளியே பார்க்கட்டும் என்று ஜன்னலைத் தாழ வைக்கச் சொன்னதும் நான்தான். குழி கோணலாகப் போகிறது என்று அய்யம்பெருமாளுக்கு ஒரு யோசனை சொல்ல ஜன்னல் வழியாக எட்டினேன். காட்டிச் சொல்லலாம் என்று இன்னும் கொஞ்சம் எட்டினேன். பிறகு நான் குழிக்குள் இருந்தேன்.

அய்யம்பெருமாள் பிடித்த நூலை விடாமல் கீழே பார்த்தார். “அண்ணாச்சி, கல்லு நாளைக்குத்தான் குழியில எறக்குகோம்” என்றார்.

நாயகி வீட்டைச் சுற்றி ஓடி வந்தாள். “ஊரெல்லாம் யோசனை சொல்லுகதுக்கு ஒங்களை ஆரு கூப்பிட்டா, கொத்தனாரு வேலை கொத்தனாருக்குத் தெரியாதா, நேத்து துவைச்ச வேட்டியில்லா அது, எந்திரிங்க, உலகம் இங்க வந்து பாரு இந்த மனுசன் கெடக்க கெடையை” என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

வேட்டி கிழிந்தது. முழங்காலில் சிராய்ப்பு. குழி நேராகத்தான் இருக்கிறது.